டீசல் வண்டியில் டிக் டிக் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாக டீசல் வண்டி ஓட்டுகிறவன், அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் என் காரில் ஒரு டிக் டிக் சத்தம் வந்தது. முதல் ஷெட்டில் டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்றார்கள். இரண்டாவது ஷெட்டில் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதில் "இன்ஜினை இறக்கினாத்தான் தெரியும்" என்றார்கள். பதினோராயிரம் ரூபாய் போன பிறகு நானே உட்கார்ந்து படித்து, கேட்டு, கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த வண்டி சத்தம் போட்டாலும் என் வீட்டு வாசலில்தான் பானெட் திறக்கிறது. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

1. டீசல்னாலே கடகடன்னுதானே இருக்கும்? இதுல எது இயல்பு, எது கோளாறு?

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி வைத்துப் பற்றவைக்கிறது. டீசலில் அந்தப் பொறி பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு வரை அழுத்தினால் அது ஐந்நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதற்குள் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றும். தெளித்ததற்கும் பற்றுவதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான ஒரு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் சேர்ந்த டீசல் மொத்தமாக எரிவதுதான் அந்தக் கடகட. காலைக் குளிரில் தாமதம் கூடும், சத்தமும் கூடும். காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் தெளிக்கும் வகை) முதலில் துளியூண்டு டீசலைத் தெளித்துப் பற்றவைத்துவிட்டு அப்புறம்தான் மீதியைத் தெளிக்கும். அதனால்தான் அவை பழைய ஜீப் மாதிரி அலறுவதில்லை.

ஆகவே, சீராக எல்லா சிலிண்டரிலிருந்தும் வரும் கடகட இயல்பு. அந்தக் கடகடக்கு மேலே தனியாக ஒரு தாளம் எழுந்து நின்றால், அல்லது போன வாரம் இல்லாத சத்தம் இந்த வாரம் கேட்டால், அதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் வண்டியின் சத்தம் உங்கள் காதுக்குத் தெரிந்த அளவு எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

2. பானெட்டைத் திறந்து காதை வெச்சா எல்லா இடத்துலயும் டிக் டிக்னுதான் கேக்குது அண்ணா. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

"எங்கே" என்று ஆரம்பிக்காதீர்கள், "எப்போது" என்று ஆரம்பியுங்கள். இன்ஜின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் போடும் டிக் டிக் எல்லா வண்டியிலும் கேட்கும். அது அவற்றின் மூச்சு, கோளாறு அல்ல.

ஒரு தாளில் எழுதுங்கள். சத்தம் குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஆக்சிலேட்டரை மிதித்தால் தாளமும் வேகமாகிறதா, இல்லை அதே வேகத்தில் அடிக்கிறதா? நியூட்ரலில் சும்மா ரேஸ் செய்யும்போது வருகிறதா, மேடு ஏறும்போது மட்டும் வருகிறதா? கிளட்ச், பிரேக், ஏசி, ஸ்டீயரிங் இவற்றில் எதைத் தொட்டால் மாறுகிறது? இந்த நாலு பதிலும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இவை இல்லாமல் "சார், டிக் டிக்னு வருது" என்று ஷெட்டில் போய் நின்றால், அவருக்கு அன்றைக்கு எந்த வேலை சுலபமோ அதுதான் உங்கள் வண்டிக்கு வியாதி.

3. திருப்புளியைக் காதுல வெச்சுக் கேட்பாங்களே, அது நிஜமாவே வேலை செய்யுமா?

செய்யும். நீளமான திருப்புளியின் முனையைச் சந்தேகப்படும் பாகத்தில் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தால், அந்தப் பாகத்தின் சத்தம் பளிச்சென்று கேட்கும். காற்று ஒழுகும் சத்தத்துக்கு இது உதவாது. அதற்கு ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் வைப்பது போலத்தான்.

ஆனால் லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் கூடாது. பெல்ட் ஓடும் பக்கத்தில் திருப்புளியை நீட்டவே கூடாது. பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

4. சத்தத்தோட வேகத்தை வெச்சே பாகத்தைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, காசும் செலவில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு வால்வும் ஒரு இன்ஜெக்டரும் அந்த இரண்டு சுற்றில் ஒரு முறைதான் வேலை செய்யும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வின் அல்லது ஒரு இன்ஜெக்டரின் சத்தம் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஆறேழு முறை கேட்கும். கிராங்க் புல்லி, ஃப்ளைவீல் மாதிரி கிராங்கோடு சேர்ந்து சுற்றுபவை என்றால் வினாடிக்குப் பதின்மூன்று.

காதால் எண்ண முடியாது. போனில் பத்து வினாடி பதிவு செய்து கால் வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். வினாடிக்கு ஒன்றரை, இரண்டு அடி விழுந்தால் மேல்பக்கம்: வால்வு, இன்ஜெக்டர், கேம். மூன்றுக்கு மேல் விழுந்தால் கிராங்கோடு சேர்ந்தது. இந்த இரு வகையையும்விட மந்தமாக, வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று மட்டும் விழுந்தால் வெளிப் பெல்ட்டைப் பாருங்கள்; கிராங்க் மூன்று நாலு சுற்றுச் சுற்றினால்தான் பெல்ட் ஒரு முழுச் சுற்று வரும், அதில் ஓர் இடம் பிய்ந்திருந்தால் அந்த வேகத்தில்தான் தட்டும். ஆர்பிஎம் ஏறினாலும் மாறாமல் அதே வேகத்தில் அடித்தால் அது இன்ஜினே அல்ல, ஏதோ ஒரு ரிலே (மின் சுவிட்ச்) அல்லது மின்சார வால்வு. அதற்குக் கேள்வி 14.

5. காலையில மொத ஸ்டார்ட்ல மட்டும் மூணு செகண்டு டிக் டிக்னு அடிச்சு நின்னுடுது. பயப்படணுமா?

ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டியாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். அந்த டேப்பெட்டுக்குள் ஆயில் நிரம்பித்தான் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து ஆயில் ஏறும் வரை தட்டும். மூன்று வினாடி, பத்து வினாடியாகி, அப்புறம் அரை நிமிடமானால் ஆயிலின் அளவு, வயது, ஃபில்டர் இவற்றைப் பாருங்கள்.

ஆனால் டிக் டிக் இல்லாமல், சங்கிலியை இரும்பில் உரசியது போல 'கர்ர்' என்று வந்தால் விஷயம் வேறு. டைமிங் செயின் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் சங்கிலி) உள்ள இன்ஜின்களில் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. நம் ஊரில் ஏகப்பட்ட கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், அதாவது அந்த 1248 சிசி இன்ஜின், செயின் வகைதான். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இந்தச் சத்தத்தை மட்டும் "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

6. மெக்கானிக் கேட்டதுமே 'டேப்பெட்'ன்னுட்டார். செட் பண்ணிடலாமா?

முதலில் உங்கள் இன்ஜினில் கையால் செட் செய்யும் டேப்பெட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹைட்ராலிக் என்றால் செட் செய்ய எதுவுமே இல்லை. என்னிடம் முதல் ஷெட்டில் வாங்கிய காசு எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கையால் செட் செய்யும் வகை என்றால், கம்பெனி சொன்ன நிலையில் (பெரும்பாலும் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு) ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளக்க வேண்டும். அளவு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும்; வண்டிக்கு வண்டி, உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் மாறும். கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சத்தம் போச்சா சார்?" என்று இறுக்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அதிகமாக இறுக்கினால் சத்தம் அடங்கும், வால்வும் சரியாக மூடாமல் எரிந்துபோகும். கொஞ்சம் தட்டுகிற டேப்பெட் அதைவிட எவ்வளவோ மேல்.

7. சத்தத்தோட டீசல் வாசனையும் வண்டிக்குள்ள வருது. இன்ஜெக்டர் ஒண்ண சுத்தி கருப்பா தார் மாதிரி கட்டியிருக்கு. இது என்ன?

என் வண்டியின் கதை இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இன்ஜெக்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் அடியில் ஒரு செப்பு வாஷர் இருக்கும். எரியும் வாயு மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. அது விட்டுப்போனால் ஒவ்வொரு முறை அந்தச் சிலிண்டர் எரியும்போதும் வாயு பீய்ச்சிக்கொண்டு வரும். தொடக்கத்தில் டிக் டிக், முற்றினால் 'சஃப் சஃப்' என்று ரயில் இன்ஜின் மாதிரி. அந்த வாயுவும் டீசலும் சேர்ந்து வெந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலப் படியும். வாசனை ஏசி வழியாக உள்ளே வரும்.

உறுதி செய்ய: சோப்புத் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, ஒரு ஸ்பூன் அளவு மட்டும், இன்ஜெக்டர் உட்காரும் பள்ளத்தில் விடுங்கள். மின் இணைப்பு நனையக் கூடாது, இன்ஜின் கொதிக்கும் சூட்டில் இருக்கக் கூடாது. ஐடிலில் தாளத்தோடு குமிழி வந்தால் ஒழுகுகிறது. என் மூன்றாவது சிலிண்டரில் தாளமாய்க் குமிழி வந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏனென்றால் இரண்டாவது ஷெட்டில் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, "நல்லா இருக்கு" என்று டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி, அதே பழைய வாஷரைப் போட்டே திரும்ப மாட்டியிருந்தார்கள்.

செப்பு வாஷர் ஒரு முறைதான் நசுங்கும். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். உட்காரும் இடத்தைக் கட்டர் வைத்துச் சுத்தம் செய்யாமல் புது வாஷர் போட்டாலும் ஒழுகும். கட்டரில் கிரீஸ் தடவித்தான் சுற்ற வேண்டும், இல்லையென்றால் கரி சிலிண்டருக்குள் விழும். பிடி போல்ட்டைக் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும்; சில இன்ஜின்களில் அந்தப் போல்ட்டையும் புதிதாக மாற்றச் சொல்லியிருப்பார்கள். வாஷர் மிகச் சில்லறைப் பொருள். ஆனால் வருடக்கணக்கில் விட்டால் கரி சிமெண்ட் போல இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

8. பழைய மெக்கானிக் ஒருத்தர் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி எந்த சிலிண்டர்னு கண்டுபிடிப்பார். அதையே இதுல பண்ணலாமா?

காமன் ரெயிலில் கூடவே கூடாது. பழைய பம்ப் வண்டிகளில் இது நல்ல வழிதான்: ஒரு பைப்பை லூஸ் செய்தால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, சத்தம் நின்றால் குற்றவாளி அங்கேதான். அங்கே நாசில் (இன்ஜெக்டரின் முனை) இருநூறு பார் அளவில் திறக்கும். காமன் ரெயிலில் ஓடும்போது ஆயிரம், ஆயிரத்தறுநூறு பார் வரை இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஊசி போல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது; ஆனால் அது ஆபரேஷன் வரை போகும், விரலே போன கதைகள் உண்டு. அப்படிப் பட்டால் "தேங்காயெண்ணெய் தடவிக்கிறேன்" என்று இருக்காமல் அதே நிமிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குவதும் வேண்டாம். அங்கே வருவது பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் அல்ல, அதைப் போலப் பல மடங்கு. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரிலேயே ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, எதை நிறுத்தினால் டிக் டிக் நிற்கிறதோ அதைப் பிடியுங்கள். எந்த ஷெட்டுக்குப் போனாலும் நான் கேட்பது இது ஒன்றுதான்: சத்தத்தை ஒரு நிமிடமாவது நிறுத்தியோ மாற்றியோ காட்டுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

9. ஸ்கேனர் போட்டாச்சு, ஒரு எர்ரர் கோடும் இல்ல. அப்போ ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. சென்சார் சொல்வதைத்தான் ஸ்கேனர் சொல்லும். வாஷர் ஒழுகல், தேய்ந்த பேரிங், தளர்ந்த புல்லி இவற்றுக்கெல்லாம் சென்சார் கிடையாது.

கோடு இல்லாவிட்டாலும் லைவ் டேட்டாவில் ஒரு இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் டீசலின் அளவு. மூன்று ஒன்று போல இருந்து நாலாவது மட்டும் விலகி நின்றால், அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. இன்ஜெக்டராகவும் இருக்கலாம், கம்ப்ரஷனாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது: இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் நாலு ரிட்டர்ன் குழாயிலும் நாலு பாட்டிலை மாட்டி, எதில் டீசல் அதிகம் சேருகிறது என்று பார்ப்பது. இரண்டு இன்ஜெக்டரை இடம் மாற்றிப் போட்டு, சத்தமும் கூடவே போகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் பல வண்டிகளில் இன்ஜெக்டரின் தலையில் எழுதியிருக்கும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் மறுபடி பதிய வேண்டும். வாஷரும் புதிது, மறக்க வேண்டாம்.

10. சத்தம் பெல்ட் பக்கமா கேக்குது. ஆல்டர்னேட்டரா, வாட்டர் பம்பா, ஐட்லரா?

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சத்தம் போய்விட்டால் இன்ஜின் தப்பித்தது. ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் தண்ணீர் சுற்றாது. வண்டியை இடத்தை விட்டு நகர்த்தவும் கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில். கேமைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் வேறு, இந்த வெளிப் பெல்ட் வேறு. டைமிங் பெல்ட்டைக் கழற்றிவிட்டு "ஸ்டார்ட் ஆகலை" என்று கேட்டவரும் உண்டு.

பெல்ட் கையில் இருக்கும்போதே, பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் உட்பட ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங். ஆல்டர்னேட்டரில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் புல்லி இருந்தால், ஒரு திசையில் பிடிக்க வேண்டும், எதிர்த் திசையில் வழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தாலும் இரண்டு பக்கமும் வழுக்கினாலும் அது போய்விட்டது. இந்தப் புல்லி போனால் இன்ஜினை நிறுத்தும் நொடியில் ஒரு சடசட கேட்கும்.

11. பிரேக்கை மிதிச்சா சத்தம் மாறுது. பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

பெட்ரோல் இன்ஜின் இழுக்கும் காற்றிலேயே, பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கான வேக்கம் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்) கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, அதனால் தனியாக ஒரு வேக்கம் பம்ப். பல பழைய இன்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். புதியவற்றில் கேம் ஷாஃப்டின் முனையில். உள்ளே இருக்கும் தகடு தேய்ந்தால் டக் டக் என்று தட்டும். பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டால் பம்பின் வேலை கூடும், சத்தமும் மாறும். கேம் முனையில் இருந்தால் அது கேள்வி 4-இல் சொன்ன மேல்பக்கத்துக் கணக்கில் வரும், அதனால்தான் பலர் டேப்பெட் என்று ஏமாறுகிறார்கள்.

பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள் என்றது இதற்குத்தான். பம்ப் ஆல்டர்னேட்டரோடு இருந்தால், பெல்ட் இல்லாத வண்டியில் பிரேக் கல்லாகிவிடும்.

12. குளிர்ல டிக் டிக், சூடானா குறையுது, மேடு ஏறும்போது மறுபடி வருது. இது எந்த வகை?

எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) ஒழுகலாக இருக்கலாம். கேஸ்கெட் வெடித்தோ ஸ்டட் முறிந்தோ ஒரு சந்து விழுந்திருக்கும். சூடானால் இரும்பு விரிந்து சந்து அடையும், பளு ஏறினால் வாயு மறுபடி பீய்ச்சும். ஹோஸ் வைத்துக் கேட்டால் பளிச்சென்று தெரியும். ஒழுகும் இடத்தில் கரிக்கோடு இருக்கும். டர்போவுக்கு முன்னால் ஒழுகினால் பிக்கப்பும் குறையும்.

13. கிளட்சை மிதிச்சா நின்னுடுது சார்.

அப்படியென்றால் இன்ஜினை விட்டுவிட்டு கியர்பாக்ஸ் பக்கம் போங்கள். கியர்பாக்ஸ் இன்புட் பேரிங், அல்லது இரட்டை ஃப்ளைவீல் உள்ள வண்டியில் அந்த ஃப்ளைவீலின் ஆட்டம். மிதித்தால் நிற்காமல், மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

14. இன்ஜின் ஓடாதப்பவும் கிளிக் கிளிக்னு வருதே, அது என்ன?

சாவி போட்டதும் ஒரு கிளிக், ஸ்டார்ட் ஆன பிறகு கொஞ்ச நேரத்தில் ஒரு கிளிக்: ஹீட்டர் பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்குவது) ரிலே, இயல்பு. ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் சுற்றாமல் 'டக டக டக' என்றால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது டெர்மினலில் பூத்திருக்கிறது. முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள். ஏசி போட்டதும் ஒரு டக் சரி. அது சில வினாடிக்கு ஒரு முறை டக், டக் என்று விட்டு விட்டுப் பிடித்தால் கேஸ் குறைந்திருக்கலாம். வண்டியை நிறுத்திய பிறகு வரும் டிங் டிங், சைலன்சர் தகடு ஆறும் சத்தம். அதற்குச் செலவு செய்தவரையும் பார்த்திருக்கிறேன்.

15. ஆயில் சர்வீஸ் பண்ணின பிறகுதான் சத்தமே வந்துச்சு!

ஆயில் அளவை நீங்களே குச்சியை எடுத்துப் பாருங்கள், முதல் வேலை அது. அப்புறம் என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். ஃபில்டரும் முக்கியம். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு மலிவான ஃபில்டரில் சரியாக இருக்காது, அதனால் கேள்வி 5-இன் காலைச் சத்தம் புதிதாக முளைக்கும். ஆயிலைக் குறை சொல்வதற்கு முன்னால் மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி, கீழே உள்ள தகடு, ஏர் ஃபில்டர் கிளிப் எல்லாம் திரும்ப ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

16. கெட்டி ஆயில் ஊத்தினா அடங்கும்னு சொல்றாங்க. ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கலந்தா நாசில் க்ளீன் ஆகுமாமே?

கெட்டி ஆயில் சத்தத்தை மூடிப் போடும், காலையில் மேலே ஏற இன்னும் தாமதமாகும், தேய்மானம் கூடும். விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. மண்ணெண்ணெய் அதைவிட மோசம். காமன் ரெயில் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடும் டீசலின் வழவழப்பில்தான் அது உயிர் வாழ்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. பம்ப் உள்ளே தேய்ந்தால் இரும்புத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் பாயும். பழைய ஜீப் காலத்து வைத்தியத்தை இதில் செய்யாதீர்கள்.

17. என்னோடது பிஎஸ்6. ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கு, சத்தமும் மாறியிருக்கு. எப்படி ஏறும்?

டீசல் கலந்துதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (நம் நாட்டுப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். கரி நிறைந்ததும் பல வண்டிகளில் கூடுதலாக டீசல் தெளித்து அதைச் சூடாக்கி எரிக்கும். அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடை என்று ஓடும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று நின்று, ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயிலில் டேப்பெட் தட்டும், பேரிங்குக்கும் கெடுதல். குச்சியில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள், டிபிஎஃப்புக்கு ஏற்ற ஆயிலாக. வாரத்துக்கு ஒரு முறையாவது பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

18. நாளைக்குச் சென்னை போகணும். இந்தச் சத்தத்தோட போகலாமா?

ஆயில் விளக்கு மினுக்கினால், அல்லது டிக் டிக் ஆழமான 'டொக் டொக்' ஆகி, ஆக்சிலேட்டரை விடும்போதோ மிதிக்கும்போதோ பலமாகக் கேட்டால், பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக வேண்டாம். அது கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்காக இருக்கலாம். ராட் முறிந்தால் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இழுத்துக்கொண்டு போகிற வாடகை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. செயின் சத்தத்துக்கும் இதே பதில். வாஷர் ஒழுகல், மேனிஃபோல்ட் ஒழுகல் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு பயணம் போய் வரலாம், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். வேக்கம் பம்ப் என்று சந்தேகம் இருந்தால் பஸ்ஸில் போங்கள்.

19. பழைய டீசல் வண்டி வாங்கப் போறேன் அண்ணா. சத்தத்துல என்ன பார்க்கணும்?

சொல்லாமல் காலையில் ஏழு மணிக்குப் போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்கிறவர் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். மூடியைக் கழற்றி இன்ஜெக்டர் பள்ளங்களில் தார் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மட்டும் பளபளவென்று துடைத்திருந்தாலும் சந்தேகம்தான்.

20. வீட்ல டிக் டிக்னு அடிக்குது, ஷெட்டுக்குப் போனா ஊமையாயிடுது. என்ன பண்றது?

குளிர்ச் சத்தம் என்றால் ராத்திரியே வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, காலையில் நீங்கள் போகும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சாவியை எடுத்து வந்துவிடுங்கள். ஓடும்போது மட்டும் வரும் சத்தம் என்றால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். வீடியோ எடுத்தால் கையை ஒரே இடத்தில் வைத்து, பானெட் திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று எடுங்கள்.

பானெட் மூடினால் மட்டும் வரும் சத்தத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. எதிர்வீட்டுக்காரர் வண்டியில் ஆறு மாதமாக டிக் டிக். திறந்தால் நின்றுவிடும், மூடினால் அடிக்கும். எல்லாச் சோதனையும் செய்து தோற்றேன். பானெட்டைத் தாங்கும் கம்பி, அதன் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, மூடியிருக்கும்போது தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிவிட்டேன்.